பத்தாவது ஆள்

கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டின் குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருந்தது. ஆளுக்கு அரை மில்லி. ரப்பர் மூடியில் ஊசி இறங்கிவிட்டால் 4 மணி நேரத்துக்குள் அத்தனையும் போட்டு முடித்தாக வேண்டியிருந்தது; மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது. கையிருப்பு சொட்டுச் சொட்டாக வந்த 2021 கோடையில், ஊருக்குள் வந்த கிராம சுகாதார செவிலியர்கள் பெட்டியைத் திறக்குமுன் தலையெண்ணிப் பார்த்தது இதனால்தான்.

காஞ்சிபுரம் பக்கம் ஐயங்கார்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அப்படியொரு முற்பகலைப் பார்த்தேன். நீல நிறப் பெட்டி மேசைமேல் மூடியே இருந்தது. ஒன்பது பேர் வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். வழியோடு சைக்கிளில் போன ஒருவரைச் செவிலியர் கூப்பிட்டார். "வாங்கண்ணே, நீங்க ஒருத்தர் வந்தா இவங்க ஒம்போது பேருக்கும் போட்டுடலாம்." அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார், இறங்கவில்லை. "காய்ச்சல் வந்து ரெண்டு நாள் படுத்துட்டா கூலி யாரும்மா குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு மிதித்துப் போய்விட்டார். நியாயமான கேள்விதான். அங்கிருந்த யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து, "இருங்கம்மா, எந்தங்கச்சிய இட்டாறேன்" என்று வெயிலில் நடந்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் பெட்டி திறந்தது.

மனசாட்சி அவரவர் நெஞ்சுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் அந்த அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவரின் சம்மதத்திலும் மறுப்பிலும் இன்னும் ஒன்பது பேரின் உயிர் சேர்ந்திருந்தது. அவர் மறுத்ததற்கு மருந்தின் மேல் சந்தேகம் காரணமில்லை, இரண்டு நாள் கூலிதான் காரணம். கத்தோலிக்கத் திருச்சபை அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசி பற்றித் தந்த அறநெறி வழிகாட்டலை நான் படிப்பது இந்தத் தாழ்வாரத்திலிருந்துதான்.

2020 டிசம்பர் 21 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கொரோனா தடுப்பூசிகள் பற்றிச் சுருக்கமான குறிப்பு ஒன்றை வெளியிட்டது. அதன் தலைவர் கர்தினால் லூயிஸ் லதாரியா கையெழுத்திட்டிருந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் அதே மாதம் 17-ஆம் தேதி ஒப்புதல் தந்திருந்தார். எடுத்துக்கொண்ட கேள்வி இது: சில தடுப்பூசிகள், கருக்கலைப்பில் இறந்த கருவிலிருந்து வந்த உயிரணு வரிசைகளைப் பயன்படுத்தி ஆராயப்பட்டவை அல்லது உற்பத்தி செய்யப்பட்டவை. கருக்கலைப்பைக் கொலைக்குச் சமமான பாவமாகக் கருதும் கத்தோலிக்கர் அவற்றைப் போட்டுக்கொள்ளலாமா?

நம் ஊருக்கு வந்த கோவிஷீல்டு இந்தக் கேள்விக்கு நேரடியாக உட்பட்ட மருந்து. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனெகாவும் உருவாக்கி, புனே சீரம் நிறுவனம் தயாரித்த அந்த மருந்தின் வைரஸ், எச்.இ.கே. 293 என்ற உயிரணுக்களில் வளர்க்கப்பட்டது. 1973-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வகத்தில், ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து தொடங்கிய வரிசை அது. இன்று ஆய்வகங்களில் இருப்பவை அந்த முதல் உயிரணுக்களின் எண்ணற்ற தலைமுறைப் பெருக்கம். வைரஸ் வளர்ந்த பிறகு அவை நீக்கப்பட்டன. ஊசியில் ஏறியது அவை அல்ல. ஆனாலும் தொடக்கம் தொடக்கம்தான் என்று திருச்சபை எடுத்துக்கொண்டது, அதை மறைக்கவில்லை. எனக்கு இதில் மரியாதை உண்டு. இதே சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாம் எல்லீசன் என்று அழைக்கும் எஃப். டபிள்யூ. எல்லிஸ், அம்மைப்பாலை மக்கள் ஏற்கட்டும் என்பதற்காக, பசு வழியாக வந்த அந்த மருந்து அம்மனே அருளியது என்று சொல்லும் கதையைப் பழைய புராணம் போலத் தமிழில் எழுதினார். நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய். ரோமிலிருந்து வந்த குறிப்பு அப்படிச் செய்யவில்லை. மருந்தின் பிறப்பில் உள்ள கறையைச் சொல்லிவிட்டு, பிறகு காரணம் காட்டி அனுமதித்தது. கேட்பவரை அறிவுள்ள மனிதராக நடத்துகிற முறை அது.

காரணம் இதுதான். பிறர் செய்த தீமையில் நமக்கு எவ்வளவு பங்கு என்பதை அளக்க, கத்தோலிக்க அறநெறி இயல் நீண்ட காலமாக ஒரு படிவரிசையை வைத்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் புனித அல்போன்ஸ் லிகோரி அதைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர். தீமை செய்தவனின் நோக்கத்தோடு உடன்பட்டு உதவினாயா, உடன்படாமல் உதவினாயா? அருகிலிருந்தா, தொலைவிலிருந்தா? கைகொடுத்தா, தடுக்கக் கடமை இருந்தும் சும்மா இருந்தா? 2020-இன் குறிப்பு இந்தப் படிகளில் இறங்கிப் பார்த்து, தடுப்பூசி போட்டுக்கொள்பவரின் உடந்தை மிகத் தொலைவானது, நோக்கத்தில் ஒட்டாதது என்று முடிவு சொன்னது. குற்றமற்ற வேறு மருந்து கிடைக்காதபோது, ஆபத்தான நோய் பரவும்போது, போட்டுக்கொள்ளலாம். அதனால் கருக்கலைப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

குறிப்பில் இன்னொரு வரி இருக்கிறது. நம் நாட்டைப் பார்த்து எழுதியதோ என்று தோன்றும் வரி. எப்போது வேறு மருந்து கிடைக்கவில்லை என்று கொள்வது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் தரும் இடத்தில், ஒரே நாட்டில் பல வகை ஊசிகள் விநியோகமானாலும் எதைப் போட்டுக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கச் சுகாதாரத் துறை விடாத நிலையையும் அது சேர்த்திருக்கிறது. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று இரண்டு மருந்துகளோடு தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பாரத் பயோடெக்கின் கோவாக்சின், ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ உயிரணுக்களில் வளர்ந்தது. கருக்கலைப்புச் சிக்கல் அதில் இல்லை. ஆக, குற்றமற்ற மருந்து நாட்டில் இருந்தது. ஆனால் கிராமத்து முகாமில் நீலப் பெட்டிக்குள் எது வந்ததோ அதுதான் ஊசி, பெரும்பாலும் கோவிஷீல்டு. "எனக்கு அது வேணாம், இதைக் குடுங்க" என்று சொல்லும் வசதி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இல்லை.

வசதி இருந்தவர்களுக்கு இருந்தது. 2021 ஜூனில் தனியார் மருத்துவமனைகளுக்கு மத்திய அரசு நிர்ணயித்த உச்ச விலை, கோவிஷீல்டு ஒரு டோஸ் 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 273 ரூபாய். கறையில்லாத ஊசியைத் தேடிப் போட்டுக்கொள்ள விரும்பும் ஏழைக் கத்தோலிக்கர் ஒருவர் இரண்டு டோஸுக்கு 2,820 ரூபாய், அதாவது பத்து நாள் கூலிக்கும் மேல், எடுத்துவைக்க வேண்டியிருந்தது. அறநெறி இயல் மேன்மையாகக் கருதிய மருந்துதான் கடையில் விலை கூடியதாகவும் இருந்தது. இந்த விலைப் பட்டியலைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்கவில்லை.

உயிரணு வரிசை பற்றிய கேள்வி நம் ஊர்களில் எழவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். அந்த ஊசியின் ரூபெல்லாப் பகுதி, கருவிலிருந்து வந்த மனித உயிரணுக்களில் வளர்வது. பாப்பிறை வாழ்வுக் கழகம் 2005-இல் விரிவாக ஆராய்ந்து அனுமதித்த ஊசிகளில் முதன்மையானதே ரூபெல்லா ஊசிதான். 2003-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக எழுந்த ஆய்வு அது. இங்கே கன்னியர் மடப் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். அஞ்சிய பெற்றோர்கள் இருந்தார்கள். அவர்கள் அஞ்சியது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளுக்கு. அந்த உயிரணுக்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை.

2021-லும் அப்படியே. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி மரணம். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அக்டோபரில் அதை உறுதி செய்தது. இடைப்பட்ட மாதங்களில் ஊர் ஊராக மக்கள் விலகி நின்றார்கள். அந்த நல்ல மனிதர் எல்லாருக்கும் வழிகாட்டத்தான் கையை நீட்டினார். அவர் சாவே பயத்துக்குக் காரணமாகிப்போனது. செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாபெரும் முகாம்கள் தொடங்கின. முதல் முகாமான செப்டம்பர் 12 அன்று மட்டும் 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். அக்டோபரில் முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. ஞாயிறு கறி சாப்பிடுவோரும் குடிப்போரும் அன்று ஊசி போடக்கூடாது என்று நம்பித் தவிர்க்கிறார்கள் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் காரணம் சொன்னார். கத்தோலிக்க வீடுகளிலும் இதே பயங்கள்தான், இதே கேள்விகள்தான். காய்ச்சல் எத்தனை நாள்? சர்க்கரை இருந்தால் போடலாமா? மாதவிலக்கில் போடலாமா? பிள்ளை பிறக்காமல் போகுமா? பூசைக்கு வருகிறவர், வராதவர் என்ற வித்தியாசம் இல்லை. ரோம் பதில் சொன்ன கேள்வி வேறு கண்டத்தின் கேள்வி.

பதில் சொல்ல வேண்டிய பீடமும் அப்போது பூட்டிக் கிடந்தது. இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் தமிழ்நாட்டில் கோயில், தேவாலயம், மசூதி எதிலும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. சித்ரா பௌர்ணமியில் காஞ்சி வரதர் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும் ஊர் ஐயங்கார்குளம். அந்தப் பௌர்ணமி வந்ததும் அதே வாரம்தான். பங்குகளில் திருப்பலி யூட்யூபுக்குப் போனது. மறையுரையும் ஆயரின் சுற்றுமடலும் வாட்ஸ்அப்பில் வந்தன. மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஊசி என்று அறிவித்தபோது, 44 வயது வரை உள்ளவர்கள் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்றார்கள்; ஜூன் வரை அந்தத் தளத்தில் தமிழ் இல்லை. நல்ல கைப்பேசி இல்லாத வீட்டுக்கு மருந்தும் வரவில்லை, மறையுரையும் வரவில்லை. மே 31 தேதியிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணியல் இடைவெளியைச் சுட்டி, இணைய வசதி இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று அரசிடம் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வியை நீதிபதிகள் கேட்டார்கள். ஆயர்கள் அதே கேள்வியை அதே உரத்த குரலில் கேட்டிருக்கலாம்.

அந்த மாதங்களில் மருந்து எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது வேதனைதான், ஆனாலும் தேவை. ஏப்ரல் கடைசியில் வந்த புதிய கொள்கையின்படி ஒரே கோவிஷீல்டுக்கு மூன்று விலை: மத்திய அரசுக்கு 150, மாநிலங்களுக்கு முதலில் 400 (எதிர்ப்புக்குப் பிறகு 300), தனியார் மருத்துவமனைகளுக்கு 600. உற்பத்தியில் கால் பங்கு தனியாருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாடு 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது, யாரும் முன்வரவில்லை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மே கடைசி வாரத்தில் தொழிலாளர்கள் உயிருக்கு அஞ்சி வேலையை நிறுத்த, ரெனோ நிஸ்ஸானும் ஹூண்டாயும் சில நாட்கள் கதவடைத்தன. ஜூன் 21-க்குப் பிறகே மத்திய அரசு கொள்முதலைத் தன் கையில் எடுத்து மாநிலங்களுக்கு இலவசமாகத் தந்தது. அதற்குள் இரண்டாம் அலை கொண்டுபோக வேண்டியவர்களைக் கொண்டுபோயிருந்தது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், உத்திரமேரூரிலிருந்து பேருந்திலேயே போய்ச் சேரக்கூடிய தூரத்தில், மத்திய அரசின் எச்.எல்.எல். பயோடெக் தடுப்பூசி வளாகம் இருக்கிறது. ஏறத்தாழ 100 ஏக்கர். பல நூறு கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு, உற்பத்தி இல்லாமல் கிடந்தது. 2021 மே 25 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அங்கே நேரில் போனார். தமிழ்நாட்டுக்குக் குத்தகைக்குத் தாருங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று பிரதமருக்கு எழுதினார். பெருந்தொற்று ஓயும்வரை அங்கிருந்து ஒரு கொரோனா ஊசிக் குப்பிகூட வெளியே வரவில்லை. இது ஒரே நாளில் நேர்ந்த விபத்தில்லை. 2008-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமத்தை மத்திய அரசே நிறுத்திவைத்தது. 2010-இல் உரிமம் திரும்பக் கிடைத்தாலும் இழந்த காலமும் திறனும் திரும்பவில்லை. 1907 முதல் நாய்க்கடிக்கு மருந்து தந்த குன்னூரும், 1948 முதல் காசநோய்த் தடுப்பு மருந்து தந்த கிண்டியும் இருந்த மாநிலம், நூறு வருஷத்தில் ஒரு முறை வரும் கொள்ளை நோயின்போது வேறு மாநிலத்துத் தனியார் ஆலையிலிருந்து பெட்டி வருமா என்று காத்திருந்தது.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பாவத்தின் தூரத்தை அவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்த திருச்சபை, அதே அளவுகோலைப் பங்கீட்டின் மேல் வைத்திருக்க வேண்டும். 1973-இல் நெதர்லாந்தில் நடந்த ஒன்றுக்கும் ஐயங்கார்குளத்துப் பாட்டியின் கையில் ஏறும் ஊசிக்கும் இடையே எத்தனை படி என்று எண்ணியாயிற்று. நல்லது. ஊசி கிடைக்காமல் 2021 மே மாதத்தில் செத்துப்போன ஒரு மனிதருக்கும், மருந்துக்கு மூன்று விலை வைத்த கொள்கைக்கும், அந்தக் கொள்கையைக் கண்டும் பேசாமலிருந்த நமக்கும் இடையே எத்தனை படி? தடுக்கக் கடமை இருந்தும் சும்மா இருப்பதும் உடந்தையின் ஒரு வகை என்று அந்த மரபே சொல்கிறது. லைடன் நமக்கு மிகத் தொலைவு. திருமணி அவ்வளவு தொலைவில்லை.

இப்படி எண்ணுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எல்லாரும் பேசுகிறோம். அவற்றில் என்னை நிறுத்துவது தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வாக முடியாது, அதுவும் அவரோடு முடிவதில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன், சகோதரியின் கணவர் என்று உறவுமுறை உறவுமுறையாக விலக்கு நீள்கிறது. பொதுச்சொத்துக்குக் கணக்குச் சொல்லாதவனுக்கு எவ்வளவு அருகில் நின்றாய் என்பதையும் அந்தச் சபை கணக்கில் எடுத்தது. உறவுக்காக ஒருவரைத் தண்டிப்பதை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆனால் தவறு, செய்தவனோடு முடிந்துவிடாது, சுற்றி நின்றவர்களையும் எட்டும் என்ற உணர்வு நமக்கு வேண்டியதுதான்.

அந்தப் படிகளில் நாமும் நிற்கிறோம், ஊசி கொடுக்கப்படாதவர்களாக மட்டுமல்ல. ஏழை நாடுகளுக்கான கோவாக்ஸ் திட்டம் பெரிதும் நம்பியிருந்தது புனே சீரம் நிறுவனத்தை. ஏறத்தாழ 6.6 கோடி டோஸ்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிய இந்தியா, 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதியை நிறுத்தியது. கோவாக்ஸுக்கு மறுபடி கப்பல் ஏறியது நவம்பர் கடைசியில்தான். சொந்த வீட்டில் நெருப்பு பிடித்தவரிடம் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கேட்க முடியாது என்பது உண்மை. ஆனாலும் ஐயங்கார்குளத்தில் ஜூலையில் ஏறிய ஊசிகளில் சில, ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரின் மருத்துவப் பணியாளருக்குச் சொல்லப்பட்டிருந்தவையாக இருக்கலாம். அங்கே பலருக்கு அந்த ஆண்டு முழுவதும் முதல் ஊசியே இல்லை. பணக்கார நாடுகள் அப்போது தேவைக்கு மேல் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தன.

ரோம் இதைப் பேசாமல் இல்லை. அதே டிசம்பர் குறிப்பின் ஆறாவது, கடைசிப் பத்தி, மருந்து நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் பன்னாட்டு அமைப்புகளுக்கும் சொல்வது: பாதுகாப்பான, அறநெறிக்கு ஒத்த ஊசி ஏழை நாடுகளுக்கும் சுமையில்லாத விலையில் போய்ச்சேரச் செய்வது கட்டாய அறக்கடமை. எட்டு நாள் கழித்து, டிசம்பர் 29 அன்று, வத்திக்கானின் கொரோனா ஆணையமும் பாப்பிறை வாழ்வுக் கழகமும் அனைவருக்கும் தடுப்பூசி என்று 20 கருத்துகளை வெளியிட்டன. 2021 புனித வாரத்தில் வத்திக்கான், ரோமின் ஏழைகள் 1,200 பேருக்கு ஊசி போட்டது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2 அன்று உலக வர்த்தக அமைப்பில் வைத்த காப்புரிமைத் தளர்வுக் கோரிக்கை முடங்கிக் கிடந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் அறிவுசார் சொத்துரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொன்னார். ஆகஸ்டில் ஊசி போட்டுக்கொள்வதை அன்பின் செயல் என்றார். 2022 ஜூன் 17 அன்று உலக வர்த்தக அமைப்பு எடுத்த முடிவு, கேட்டதில் ஒரு சிறு பகுதி. அதற்குள் 20 மாதம் போய்விட்டிருந்தது.

ஆனால் பங்குகள் வரை இறங்கி வந்தது எது? ஊசி பாவமா இல்லையா என்ற கேள்வியும், பாவமில்லை என்ற பதிலும். அன்பியக் கூட்டங்களில், வாட்ஸ்அப் குழுக்களில், பிரசங்கங்களில் அதுதான் வந்தது. ஆறாவது பத்தி வழியிலேயே நின்றுவிட்டது. தனி மனிதருக்குச் சொல்லும் அறிவுரை எளிது. போடுங்கள், பயப்படாதீர்கள் என்று சொல்லலாம். விலை வைத்தவரைப் பார்த்து, ஒதுக்கீடு செய்தவரைப் பார்த்து, இது நீதியில்லை என்று ஞாயிறு பூசையில் சொல்வதற்குத் துணிவு வேண்டும். அதற்கு அருகதையும் இந்தத் திருச்சபைக்கு உண்டு. இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வு அமைப்பை 1943-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குண்டூரில் உழைத்த மருத்துவத் துறவி மேரி குளோரி. பேருந்து போகாத ஊர்களிலும் மருந்தகம் நடத்திய கன்னியர்களின் நீண்ட வரிசை அவருக்குப் பின்னால் நிற்கிறது. அவர்கள் யாரும் நோயாளியின் மனசாட்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மருந்து எங்கே, அரிசி எங்கே என்று கேட்டுக்கொண்டே நடந்தவர்கள்.

குறிப்பின் ஐந்தாவது பத்தி இன்னும் கடினமானது. ஊசி பொதுவாக அறக்கட்டாயம் அல்ல, விருப்பத்தின்பேரில்தான் இருக்க வேண்டும் என்கிறது. மனசாட்சியின் பேரில் மறுப்பவர் தன்னால் பிறருக்கு நோய் பரவாதிருக்க முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை அவருடையது. பொதுநலனுக்காக அரசு விதிக்கும் கட்டுப்பாடு அளவோடு இருக்க வேண்டும். நான் இதை ஏற்கிறேன். ஆனால் சைக்கிளில் போனவர் எந்தக் கொள்கையின் பேரிலும் மறுக்கவில்லையே. அவர் பயந்தது இரண்டு நாள் கூலிக்கு. ஊசி போட்ட மறுநாளுக்கு ஒரு நாள் கூலியை நூறு நாள் வேலைக் கணக்கில் சேர்த்திருந்தால் அவர் இறங்கி வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்று எழுதுகிறவர்கள், சம்மதத்தைச் சுதந்திரமாக்குவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அவரைப் பிடிவாதக்காரர் என்று அன்று பெஞ்சில் ஒருவர் சொன்னார். செவிலியர் சொல்லவில்லை. வீடு வீடாக நடந்தவர் அவர். யார் எதற்கு மறுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். குப்பியில் உற்பத்தியாளர் சற்றுக் கூடுதலாக விட்டிருக்கும் மருந்திலிருந்து பதினொன்றாவது ஊசியையும் இழுத்தெடுத்தவர்கள் இவரைப் போன்ற செவிலியர்கள்தான். தொடக்கத்தில் தடுப்பூசி விரயத்துக்காகக் குறை சொல்லப்பட்ட தமிழ்நாடு, அந்த ஆண்டு நடுவில், வந்த டோஸைவிடக் கூடுதலாகப் போட்ட மாநிலமானது அவர்களால்.

அடுத்த பெருந்தொற்றுக்கான விதிகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. 2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றன. அதன்படி, பங்கேற்கும் மருந்து நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதம் வரை உலக சுகாதார அமைப்புக்குத் தர வேண்டும். அதில் குறைந்தது பாதி நன்கொடை, மீதி கட்டுப்படியாகும் விலையில். நோய்க்கிருமி மாதிரியையும் அதன் பலனையும் எப்படிப் பகிர்வது என்ற பின்னிணைப்பு, தனியே பேசி முடிக்கட்டும் என்று விடப்பட்டது. உலகின் ஏழை மக்களெல்லாம் 20 சதவீதத்துக்குள் அடங்குவார்களா என்று கேட்க வேண்டிய இடம் அது. 2021 மே முதல் அங்கே திருப்பீடத்துக்குப் பார்வையாளர் இருக்கை உண்டு. அந்த இருக்கையிலிருந்து இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும். செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் ஒவ்வொரு பங்கிலும் இது சுற்றுமடலாக வாசிக்கப்பட வேண்டும். திருமணி ஆலை அந்த மறைமாவட்டத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது.